முதல் முடி

ஏகாம்பரத்தின் நிலத்தில் நடவு என்றால் முதல் நாற்று முடியை மார்த்தாள்தான் பிரிக்க வேண்டும். ஈசானிய மூலையில் அவள் நாலு நாற்று ஊன்றிய பிறகுதான் மற்ற பெண்கள் சேற்றில் கால் வைப்பார்கள். கைராசிக்காரி என்று பேர். பதினோரு வருஷமாக அந்தப் பேர்தான் அவளுக்கு வேலை கொடுத்தது.

எழுபத்தெட்டில் ஏரி நிரம்பியது. நடவுக்கு மூன்று நாள் முன்பிருந்தே, கூட நடுகிற ஆண்டாளம்மாள் அவள் வீட்டு வாசலை விடவில்லை. ஆண்டாளம்மாளுக்குக் கைக்குழந்தை. நடவில் இறங்கினால் உச்சிப்பொழுது வரை, பால் கொடுக்கக்கூட ஏகாம்பரம் யாரையும் கரையேற விடமாட்டார்.

"நீ கேளுக்கா. முடியத் தொடாம வரப்புல குந்திக்கோ. நாங்கல்லாம் உன் பின்னால கீறோம்."

"ஏன், உனக்கு வாய் இல்லியா?"

"என் வாயிக்கு இன்னா மதிப்பு கீது? உன் கைக்குத்தான் மதிப்பு."

வெள்ளிக்கிழமை காலை மார்த்தாள் வரப்பில் உட்கார்ந்தாள். பின்னால் எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். பறித்த நாற்று வெயிலில் கிடந்தது. ஏகாம்பரம் குடையோடு வந்தார்.

"இன்னா, கல்யாணப் பந்தியா? எலை போடணுமா?"

"நடுவுல ஒரு தரம் பால் குடுக்க வுடணும் நைனா. சரின்னா கை வைக்கிறேன்."

அவர் மார்த்தாளைத் தாண்டிப் பின்னால் பார்த்தார்.

"உங்கள உசுப்பி வுட்டது யாரு? அத்த மட்டும் சொல்லுங்க. மத்தவங்க மேல எனக்குக் கோவம் இல்ல."

வேப்பமரத்துத் தூளியில் குழந்தை சிணுங்கியது.

"மார்த்தாளக்காதான் நைனா," என்றாள் ஆண்டாளம்மாள். "வூடு வூடா வந்து உசுப்பி வுட்டுச்சி."

படுத்த மாட்டுக்கும் தெரு நாய்க்கும்தான் மார்த்தாள் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறாள். நாயை உசுப்புகிறவன் நின்ற இடத்திலேயே நிற்பான். ஓடுவதும் கல்லடி படுவதும் நாய். மூன்று நாளாக யார் வீட்டு வாசலில் யார் வந்து நின்றார்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். திரும்பிப் பார்த்தாள். எட்டுப் பேரும் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ போ. இனிமே இந்தப் பக்கம் வர வாணாம்," என்றார் ஏகாம்பரம். "ஆண்டாளு, எறங்கு. முடிய நீ பிரி."

ஆண்டாளம்மாள் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். நாற்றோடு நடுக்கழனியில் நின்று, எந்த மூலை என்று பழக்கத்தில் மார்த்தாளைப் பார்த்தாள். மார்த்தாளின் கை தானாக எழுந்தது. இறக்கிக்கொண்டாள்.

வேப்பமரத்தைத் தாண்டித்தான் வழி. குழந்தை இப்போது வீறிட்டது. சேற்றிலிருந்து யாரும் கரையேறவில்லை. மார்த்தாள் தூளிக் கயிற்றைப் பிடித்தாள். ஆட்டாமல் விட்டுவிட்டு நடந்தாள்.