இடைவேளைக்கான காரணம்

புகார் அழைப்புகளை ஏற்கும் அந்த அலுவலகத்தில் அவள் குரலுக்கு நல்ல பெயர் இருந்தது. எதிர்முனையில் யார் வாய்க்கு வந்தபடி ஏசினாலும் அது ஏறாது, இறங்காது. அப்பா இறந்த நான்காம் நாளே வேலைக்குத் திரும்பியபோதும் அது பிசிறவில்லை. அழுகை தொண்டைவரை வரும். 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விழுங்கிவிடுவாள். ஐந்து மாதம் கழித்து, அழுது தீர்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. பசியும் சிரிப்பும் அதற்கு முன்பே நின்றுபோயிருந்தன.

மறுநாள், முதல் அழைப்பு முடிந்தபின் அடுத்ததை எடுக்கக் கை எழவில்லை. இடைவேளை வேண்டுமென்றால் கணினி காரணம் கேட்கும்: கழிப்பறை, சாப்பாடு, பயிற்சி. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து இருக்கைக்காரி எட்டிப் பார்த்தாள். "டாய்லெட்னு போட்டுட்டுப் போடி. நான் பாதி நாள் அதுலதான் ஓட்டுறேன். எனக்கு வயித்துக் கோளாறுன்னே சூப்பர்வைசர் முடிவு பண்ணிட்டார்."

வழக்கமாக இதற்குப் பேருக்காவது சிரித்துவைப்பாள். இன்று அதற்கும் தெம்பில்லை.

மேற்பார்வையாளர் வந்து நின்றார். "என்னம்மா, லைன்ல ஆறு பேர் காத்திருக்காங்க. உடம்பு சரியில்லையா?"

'ஒண்ணுமில்ல சார்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் இன்னும் ஐந்து மாதம் இப்படியே போகும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு சார். மனசுதான் சரியில்ல. ரொம்ப நாளா."

குரல் அப்போதும் பிசிறவில்லை. அவர் நம்பாதவர்போல் அவளைப் பார்த்தார். ஆகவே இன்னொரு முறை சொன்னாள்.