நௌபர் மாமாவின் மெஷின்

துறைமுகத்தில் வேலை செய்த பக்கத்து வீட்டுக்காரர் மாரடைப்பில் மௌத்தானதிலிருந்து, ஆறு வயது றஹ்மா நெஞ்சில் கைவைத்தபடியே திரிந்தாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டொக்டர் சொல்லியும், சீனன்குடாவிலிருந்து தாய்மாமன் நௌபர் விரலில் மாட்டி நாடி பார்க்கும் மெஷினோடு வந்து, மணிக்கொருதரம் மாட்டினார். பிள்ளையின் பயம் கூடியதுதான் மிச்சம்.

உம்மா ஷிஃபானாவுக்குத் தன் அண்ணன்மேல் பற்றிக்கொண்டு வந்தது. படித்த மனுசனாம், பிள்ளையைத் தேற்ற வந்தவராம்.

"காக்கா, உங்கட விரலை நீட்டுங்க" என்று மெஷினை அவருக்கே மாட்டினாள்.

அவருடைய நாடி நூற்றுப்பத்து காட்டியது. நௌபர் வெளிறிப்போய்க் கதிரையில் சாய்ந்தார்.

"மாமாவுக்கும் நெஞ்சு இடிக்குதா?" என்றாள் றஹ்மா.

"ஓம் மகள். பயந்தா எல்லாருக்கும் இடிக்கும், பிறகு அடங்கும்" என்றாள் உம்மா.

றஹ்மா மாமாவின் பக்கத்திலேயே இருந்து பார்த்தாள். எண்பதுக்கு இறங்கியதும் விளையாட ஓடினாள். நௌபர் மட்டும் மெஷினைக் கழற்றவேயில்லை.