இருநூற்று முப்பத்தெட்டு பலூன்கள்

கிரேன்காரரின் வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. அந்த வீட்டில் இது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர், இன்னொருவர் எட்டாம் வகுப்பு படிக்கும் அவர் மகள். மனைவிக்குத் தெரிந்ததெல்லாம் டிவி திரையில் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்த எண் மட்டும்தான். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் கிரேனின் நூற்று அறுபது படி ஏணியில் ஏறிக் காட்ட வேண்டும். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

ஏழு மாதத்துக்கு முன்னால், மழை விட்ட ஒரு காலையில், டவர் கிரேனின் ஏணியில் ஏறும்போது ஈரக் கம்பியில் அவருக்குக் கால் வழுக்கியது. விழவில்லை. வலது கை ஒன்றே மொத்த உடம்பையும் பிடித்து நிறுத்தியது. உயிர் தப்பியது, தோள் கிழிந்தது. ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரியில் கையை அசைக்கப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் ஒரு மாதம் ஒழுங்காகப் போனார். பிறகு வாரத்துக்கு ஒரு சாக்கு. வலி ஒரு காரணம். பதினைந்து மாடி உயரத்தில் உட்கார்ந்து இரும்புத் தூண்களை அலுங்காமல் இறக்கிய மனுஷன், ஒரு பிளாஸ்டிக் குச்சியைத் தூக்க முடியாமல் பல்லைக் கடிப்பதை நாலு பேர் பார்க்கிறார்களே என்பது பெரிய காரணம்.

மனைவி மருந்துக்கடையில் பில் போடுகிறவள். அவளிடம் சாக்கு எடுபடாது. கையில் ரிமோட்டைப் பிடித்து ஆட்டினால் திரையில் இருக்கும் ஆளும் கூடவே ஆடுகிற விளையாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து ஹாலில் வைத்துவிட்டாள். வீட்டுக்குள்ளேயே பயிற்சி, பார்க்க ஆள் இல்லை. அதில் ஒரு பலூன் ஆட்டம். தலைக்கு மேலே பலூன்கள் மிதந்து வரும், கையை உயர்த்தி ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்காக இருக்கும் அவளுடைய அண்ணன் பெட்டியைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு அடுத்து கிலுகிலுப்பையா?" என்று கேட்டார். அவள் முகம் சுண்டிப்போனது. அன்றிலிருந்து அந்தப் பெட்டி அவளுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

முதல் இரண்டு வாரம் கிரேன்காரர் நிஜமாகத்தான் ஆடினார். ஏழு பலூன், எட்டு பலூன். ஒவ்வொன்றுக்கும் தோளுக்குள் கத்தி இறங்கி ஏறும். மூன்றாவது வாரம் மகள் பள்ளி விட்டு வந்து, அப்பா படுகிற பாட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"கையத் தூக்கவே வேணாம்ப்பா. எங்க கிளாஸ்ல எல்லாரும் சோபால சாஞ்சுக்கிட்டுதான் ஆடுவோம். மணிக்கட்ட மட்டும் சுண்டுங்க. அதுக்கு வித்தியாசம் தெரியாது."

சுண்டினார். திரையில் இருந்த ஆள் கையை வானத்துக்கு உயர்த்தி பலூனை உடைத்தான். இவர் முழங்கை விலாவை விட்டு நகரவே இல்லை.

மணிக்கட்டு என்பது அவருக்குச் சாதாரண விஷயம் இல்லை. கிரேன் கேபினில் இரண்டு பக்கமும் முழங்கை உயரத்தில் லிவர் இருக்கும். மணிக்கட்டை ஒரு நூல் திருப்பினால் கீழே நாலு டன் ஒரு சாண் நகரும். இருபத்திரண்டு வருஷம் அந்த மணிக்கட்டுதான் அவருக்குச் சோறு போட்டது. அப்படிப்பட்ட கைக்கு பலூன் எம்மாத்திரம்? நாற்பது, தொண்ணூறு, நூற்று எண்பது என்று ஏறிக்கொண்டே போனது. மனைவி வேலை முடிந்து வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் திரையைப் பார்ப்பாள். அவள் முகம் மலர்வதைப் பார்த்தால் இவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். நாளைக்கு நிஜமாக ஆடலாம் என்று படுப்பார். மறுநாள் எண் குறைந்தால் அவள் என்ன நினைப்பாள் என்று எழுந்திருப்பார். திருட்டு அப்படித்தான் பழக்கமானது.

போன வாரம் சைட் இன்ஜினியர் போன் செய்தார். இவருடைய சீட்டில் இப்போது ஒரு புது ஆள் உட்கார்ந்திருக்கிறான். திங்கட்கிழமை ஏறிக் காட்டினால் சீட் இவருக்கு. இல்லாவிட்டால் புது ஆளே நிரந்தரம். பதில் சொல்வதற்குள் பக்கத்தில் நின்ற மனைவி, "வந்துருவார்னு சொல்லுங்க" என்றாள். வந்துவிடுவதாக இவரும் சொன்னார்.

ஞாயிறு மதியம் அண்ணன் வந்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டே. தங்கை அதற்காகத்தான் காத்திருந்தாள்.

"அண்ணே, கிலுகிலுப்பைன்னு சொன்னீங்கல்ல. உக்காருங்க. என்னங்க, ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்க."

"இப்ப எதுக்கு? நாளைக்குக் கைக்கு வேலை இருக்கு, கொஞ்சம் ஓய்வு குடுக்கலாம்னு..."

"ஒரே ஒரு ஆட்டம்."

மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். வாய் திறந்துவிடுவாளோ? திறக்கவில்லை. கிரேன்காரர் ரிமோட்டை எடுத்து, சோபாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அங்கே நின்றால் யாரும் திரும்பித்தான் பார்க்க வேண்டும். திரையில் பலூன் வெடிக்கும்போது யார் திரும்பப் போகிறார்கள்?

இருநூற்று முப்பத்தெட்டு. அதுவரை வந்ததிலேயே அதிகம்.

அண்ணன் வாயைப் பிளந்தார். "தப்பா நெனச்சுட்டேன் மாப்பிள்ளை. சாமான் வேலை செய்யுது. என் முட்டிக்கும் ஒண்ணு வாங்கிர வேண்டியதுதான். இப்பவே கடைக்குப் போறேன்." அப்புறம் தங்கையைப் பார்த்து, "நீ ஆடு பாப்போம், உனக்கு எவ்வளவு வருதுன்னு" என்றார்.

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடினாள். அவளுக்குச் சூட்சுமம் எதுவும் தெரியாது. ஒவ்வொரு பலூனுக்கும் குதிகாலைத் தூக்கி, கையை முழுசாக நீட்டி எட்டி அடித்தாள். ஆட்டம் முடிந்தபோது மூச்சு வாங்கியது, நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிவரை வந்து நின்றது. தொண்ணூற்று ஒன்று. அண்ணன் கேலி செய்து சிரித்தார். அவளும் சிரித்துக்கொண்டே தலைப்பால் முகத்தைத் துடைத்தவள், புருஷனைப் பார்த்தாள். அவர் சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. அக்குளில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

சிரிப்பு அவள் வாயில் இருந்தது, கண்ணில் இல்லை. அண்ணனை வாசல்வரை போய் வழியனுப்பினாள். கதவைச் சாத்தினாள். நேராகச் சமையலறைக்குப் போனாள்.

"என்னங்க, இங்க வாங்க."

போனார்.

"மேல் தட்டுல சர்க்கரை டப்பா இருக்கு. எடுத்துக் குடுங்க."

அவர் இடது கையை நீட்டினார்.

"அந்தக் கை இல்ல."

குழாயிலிருந்து பாத்திரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் வலது கையைத் தூக்கினார். மார்பு உயரம் வந்தது. தோள் உயரம் வந்தது. அங்கே நின்றுவிட்டது. உடம்பைச் சாய்த்தார், கால்விரல் நுனியில் நின்றார், கழுத்து நரம்பு புடைத்தது. டப்பா ஒரு முழம் மேலே இருந்தது. அவளே அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டாள்.

"எத்தனை நாளா?"

"மூணாவது வாரத்துல இருந்து."

சமையலறை வாசலில் நின்ற மகள் அழ ஆரம்பித்தாள். "நான்தாம்மா சொல்லிக் குடுத்தேன்."

"நீ சொன்னது விளையாடறதுக்கு. நீ போய் முகம் கழுவு." மகள் போனதும் இவரிடம் திரும்பினாள். "நாளைக்கு எப்படி ஏறுறதா இருந்தீங்க?"

"இடது கையால பிடிச்சு ஏறிட்டு, வலது முழங்கையக் கம்பில மாட்டிக்கிட்டா, அடுத்த படிக்கு... மெதுவாப் போனா முடியும். கேபினுக்குள்ள போயிட்டா மணிக்கட்டு போதும். அது நல்லாத்தான் இருக்கு."

"கேபினுக்குள்ள உங்கள யாரு தூக்கிட்டுப் போறது? அந்த ரிமோட்டா?"

இத்தனை நாள் அவர் ஒளித்து வைத்திருந்த பயம் அப்போதுதான் முழுசாகத் தலை தூக்கியது. தொண்ணூறாவது படியில் கால் வழுக்கினால் இந்த முறை பிடிக்க எந்தக் கை இருக்கிறது? ராத்திரி படுத்தால் உள்ளங்கையில் அந்த ஈரக் கம்பி வழுக்குவதை அவர் ஏழு மாதமாக உணர்ந்துகொண்டுதான் இருந்தார். சொன்னால் கோழை என்று ஆகிவிடும் என்று விழுங்கிக்கொண்டார்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை.

அவள் அவரையே பார்த்தாள். "எனக்குந்தான். நீங்க கம்பில தொங்குன அன்னைலேருந்து எனக்குப் பயந்தான். அந்த நம்பரப் பாத்துப் பாத்துத்தான் கொஞ்சம் தூங்குனேன். அதையும் பொய்யாக்கிட்டீங்களே."

அந்தப் பேச்சு அவரைக் கொன்றது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

அவள் தன் பையிலிருந்து கட்டுப் போடுகிற எலாஸ்டிக் துணிச் சுருள் ஒன்றை எடுத்து வந்தாள். அவரை ஹாலுக்கு அழைத்துப் போய், சட்டையை மடித்துவிட்டு, ரிமோட்டை அவருடைய மேல்கையில், முழங்கைக்கு மேலே வைத்துச் சுற்றிக் கட்டினாள். இனி மணிக்கட்டை எவ்வளவு சுண்டினாலும் பெட்டிக்குச் சேதி போகாது. கை எழும்பினால்தான் உண்டு.

"இப்ப ஆடுங்க."

ஆடினார். பலூன்கள் வந்துகொண்டே இருந்தன, தலைக்கு மேலே சாவகாசமாக மிதந்து திரையை விட்டுப் போய்க்கொண்டே இருந்தன. திரையில் இருந்த ஆளும் இவரைப் போலவே பாதிக் கையோடு தடுமாறினான். ஆட்டம் முடிந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஒன்பது.

அவராகவே இடது கையால் போனை எடுத்து இன்ஜினியரைக் கூப்பிட்டார். ரிமோட் இன்னும் கையில் கட்டியிருந்தது.

"சார், நாளைக்கு நான் ஏறல."

"விளையாடறீங்களா? நாளைக்கு ஏறலன்னா சீட் போயிரும். தெரியும்ல?"

"தெரியும் சார். கை தோளுக்கு மேல போகல."

"போன வாரம் வரேன்னீங்களே."

"பொய் சொன்னேன் சார்."

"கீழ நின்னு சிக்னல் காட்டுற வேலை வேணா இருக்கு. மேல சீட்டுக்கு நான் இனிமே உத்தரவாதம் குடுக்க முடியாது. கை சரியாச்சுன்னா வந்து கேளுங்க, பாக்கலாம்." கொஞ்சம் இறங்கிய குரலில், "பாதி ஏணில நின்னு சொல்லாம இப்பவே சொன்னீங்களே, அதுவே பெருசு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இருபத்திரண்டு வருஷம். சீட் போய்விட்டது. கிரேன்காரர் சோபாவில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு அழுதார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கை வைத்திருந்தாள். கேபின் போச்சே என்ற வருத்தம் அவளுக்கும் இருந்தது. ஆனால் நாளைக் காலை எட்டு மணியை நினைத்தபோது, ஒரு வாரத்தில் முதல் முறையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

போன் அடித்தது. மச்சான்.

"மாப்பிள்ளை, கடையில நிக்கறேன். இங்க நாலு விதமா வச்சிருக்கான். உங்களுக்கு இருநூத்து முப்பத்தெட்டு வந்துச்சே, அதே மாதிரி பெட்டியத்தான் எடுக்கணும். எதுன்னு சொல்லுங்க."

மனைவியின் கை அவர் முதுகில் அசையாமல் நின்றது. அண்ணன் முன்னால் தலைநிமிர்ந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை அவளுக்கு. அவர் அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"மச்சான், அந்த இருநூத்து முப்பத்தெட்டு பொய். மணிக்கட்ட மட்டும் சுண்டி ஏமாத்துனேன். நெஜம் ஒம்பது."

மச்சான் கிலுகிலுப்பை என்று மறுபடி ஆரம்பிக்கப்போகிறார் என்று கிரேன்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப வாங்க வேணாங்கறீங்களா?" மச்சான் குரலில் கேலி இல்லை. முட்டி வலிக்கிறவனின் கேள்விதான் இருந்தது.

கிரேன்காரர் தன் மேல்கையில் இருந்த கட்டைப் பார்த்தார். "வாங்குங்க. பெட்டி மேல தப்பு இல்ல. ஆனா ரிமோட்டக் கையில பிடிச்சீங்கன்னா நீங்களும் என்ன மாதிரி ஆயிருவீங்க. தொடையில வச்சுக் கட்டிக்குங்க. நீங்களே கட்டாதீங்க, வீட்டுல அக்காவக் கட்டச் சொல்லுங்க."

"அவ இறுக்கிக் கட்டுவாளே மாப்பிள்ளை."

"அதுக்குத்தான் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு எழுந்து நின்றார். தோள் விண்விண் என்று தெறித்தது. மகள் முகம் கழுவி வந்து கதவோரம் தயங்கி நின்றாள். "இன்னொரு ஆட்டம் போடு" என்றார் அவளிடம். பலூன்கள் வர ஆரம்பித்தன. மனைவி நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். திரையில் என்ன எண் ஓடுகிறது என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முழங்கை எவ்வளவு எழும்புகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடிந்ததும் மகள்தான் வாசித்துச் சொன்னாள், பதினொன்று என்று.