ரிஜெக்ட் அக்காவும் மூன்று டாக்டர்களும்

துணி மடித்துக்கொண்டிருந்தவள் பாதி மடிப்பில் நின்றுவிட்டாள். டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பத்து வயது மகள் எதற்கோ சிரித்தாள். சிரிப்பு வருவதற்கு அரை நொடி முன்னாலேயே மகளுடைய வலது கை எழும்பி வாயை மூடிக்கொண்டது. யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கம் இல்லை. அம்மா சிரிப்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வந்த பிள்ளை, சிரிப்பென்றால் அதோடு ஒரு கையும் சேர்ந்து வரும் என்று நினைத்திருக்கலாம். கைக்குப் பின்னால் அதே முன்துருத்திய மேல்வரிசை. கலர் கூட மாறாத நகல்.

அசலின் கதை இது. அவளுக்குப் பதின்மூன்று வயதில் அம்மாவின் தம்பி அவளை ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். "நம்ம ஆளு" என்பதுதான் அந்த டாக்டரின் முக்கியமான தகுதி. நம்ம ஆள் நல்ல நிலையில் இருந்த இரண்டு பற்களைப் பிடுங்கினார், கிளிப் மாட்டினார், ஏழாம் மாதம் சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊருக்குப் போய்விட்டார். வாத்தியார் பாதியில் எழுந்துபோன வகுப்பு மாதிரி பற்கள் அவரவர் இஷ்டத்துக்குத் திரும்பி உட்கார்ந்துகொண்டன. அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடமாக அவள் எந்தப் போட்டோவிலும் வாயைத் திறந்ததில்லை.

அந்த மாமாவுக்கு வீட்டில் சிபாரிசு மாமா என்று பெயர். ஓடும்போது சமையலறை வாசல் வரை நடந்துவந்து எட்டிப்பார்க்கும் வாஷிங் மெஷின் அவர் சிபாரிசு. எந்தப் பக்கம் திருகினாலும் சொட்டும் குழாய் அவர் சிபாரிசு. அவளுடைய கணவனும் அவர் சிபாரிசுதான். அதனால் மாமாவின் சிபாரிசுகளைப் பற்றிக் கணவன் கருத்துச் சொல்வதில்லை. சொன்னால் பேச்சு எங்கே போய் முடியும் என்று அவனுக்குத் தெரியும்.

மகளின் பல் விஷயம் காதில் விழுந்த அன்று மாலையே மாமா வந்துவிட்டார். "நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு" என்று ஆரம்பித்தார்.

"வர்றேன் மாமா. ஆனா இந்தத் தடவை நான்தான் பார்ப்பேன்" என்றாள்.

பார்ப்பது அவள் தொழில். பேரிங் கம்பெனியில் வெளியிலிருந்து வந்திறங்கும் சரக்கைச் சோதித்து உள்ளே விடுவது, அல்லது விடாமலிருப்பது அவள் வேலை. பெரும்பாலும் இரண்டாவதுதான் நடந்ததால் பையன்கள் அவளை ரிஜெக்ட் அக்கா என்றார்கள். புதிதாக யார் சப்ளை செய்ய வந்தாலும் மூன்று கேள்வி கேட்பாள். சர்டிஃபிகேட் எங்கே? அளந்தது யார், எதை வைத்து? மூன்றாவதுக்குத்தான் ஆட்கள் வியர்ப்பார்கள்: நீங்க கழிச்ச சரக்கைக் காட்டுங்க. பேரிங்குக்குள் போடும் நல்ல உருண்டையை யார் வேண்டுமானாலும் பஞ்சில் வைத்துக் கொண்டுவரலாம். கழித்த உருண்டையைக் காட்டுகிறவனுக்குத்தான் எது சரி என்று தெரிந்திருக்கிறது என்பது அவள் கட்சி.

நம்ம ஆளின் போர்டில் பல், ஈறு, தாடை, முகப்பரு, முடி உதிர்தல் என்று மேலிருந்து கீழ் வரை இருந்தது. இன்னும் கொஞ்சம் பெரிய போர்டாக இருந்தால் முழங்காலும் வந்திருக்கும். சுவரில் இரண்டு ஃபிரேம்கள். சின்னதில் பல் மருத்துவப் பட்டம். பெரியதில், பொன்னிற எழுத்தில், கிளிப் சிகிச்சை. அவள் நாற்காலியிலிருந்து எழுந்து கிட்டே போய்ப் படித்தாள். இரண்டு நாள் பயிற்சியில் கலந்துகொண்டதற்காக, மதிய உணவு உள்பட, வழங்கப்பட்டிருந்தது.

டாக்டர் பேனா மூடியைக் கழற்றும் நேரத்துக்குள் மகளின் வாயைப் பார்த்து முடித்தார். "நாலு பல்லை எடுத்துட்டு நாளைக்கே போட்டுடலாம்."

எக்ஸ்ரே வேண்டாமா என்று கேட்டாள்.

"இருபது வருஷ அனுபவம்மா. என் கண்ணே எக்ஸ்ரே."

மகள் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். இழுக்காவிட்டாலும் அம்மா எழுந்திருப்பாள். படியிறங்கும்போது மாமா, அவர் ரொம்ப நல்ல மனுஷர் என்றார். அதை அவள் மறுக்கவில்லை.

இரண்டாவது இடத்தை மாமாவுக்கு யாரோ சிபாரிசு செய்திருந்தார்கள். அங்கே கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது, மெஷின் தானாகக் காபி கொடுத்தது, டாக்டர் மட்டும் தானாகவோ மற்றபடியோ வரவில்லை. கோட் போட்ட ஒரு பெண் திரையில் மகளின் பற்கள் வரிசையில் வந்து நிற்பதைப் படமாக ஓட்டிக் காட்டினாள். மகளின் கண் விரிந்தது. மாதாமாதம் கம்பியை முறுக்குவது யார் என்று இவள் கேட்டாள். எங்க டீம் என்றாள் அந்தப் பெண். டீமில் பல் சீரமைப்பு படித்தவர் யார்? அவர் மாசத்துக்கு ஒரு நாள் வருவார், வராமலும் போவார். சரி, நினைத்தபடி வராத கேஸ் ஒன்றைக் காட்டுங்கள். அந்தப் பெண் உண்மையிலேயே புண்பட்டுப்போனாள். "எங்ககிட்ட ஃபெயிலியரே கிடையாது மேடம்." கழிவே இல்லை என்று சொன்ன ஒரு கம்பெனியின் சரக்கை அவள் முன்பொருமுறை திறந்து பார்த்திருக்கிறாள். கழிவை அவர்கள் எண்ணுவதில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவதை அவளே தேடினாள். பல் மருத்துவம் முடித்து, பல் சீரமைப்புக்கென்றே தனியாக மூன்று வருடம் படித்தவர்களின் பெயர்களைப் பதிவுப் பட்டியலில் பிடித்து, பதிவு எண்ணைச் சரிபார்த்து, பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் ஒருவரைக் குறித்தாள். இரண்டு வருடம் போகவேண்டிய இடம். தூரமும் ஓர் அளவுதான். மாடியில் சின்ன இடம். போர்டில் பல் சீரமைப்பு மட்டும்தான் இருந்தது. ஐம்பது வயதிருக்கும் பெண் டாக்டர் நிமிர்ந்து சிரித்தார். அவர் பல்லிலேயே கிளிப்.

மாமா அவள் காதருகே குனிந்தார். "தன் பல்லையே சரி பண்ணிக்கத் தெரியல. இவங்க நம்ம பல்லை?"

அவளுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ஆனாலும் மூன்றாவது கேள்வியைக் கேட்டாள். டாக்டர் குனிந்து மேஜையின் கீழ் டிராயரை இழுத்தார். உள்ளே வெள்ளை மாவில் வார்த்த பல் அச்சுகள், ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் தேதி.

"இதெல்லாம் நான் நினைச்ச மாதிரி வராதது. இதுல எடுக்கக்கூடாத பல்லை எடுத்துட்டேன், ஆரம்ப காலத்துல. இவருக்கு ஈறை முதல்ல கவனிச்சிருக்கணும், கவனிக்கல." கடைசி அச்சை எடுத்துத் திருப்பினார். "இது என்னோடது. கிளிப் கழட்டின பிறகு பல்லை அப்படியே பிடிச்சு வைக்கிற ரிடெய்னர் போட்டுக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நான் போட்டுக்கல. திரும்ப வளைஞ்சுடுச்சு. இப்ப என் சீனியர் போட்டுவிட்டிருக்காரு, நல்லா திட்டிட்டு."

ரிஜெக்ட் அக்கா அந்த டிராயரை, மற்ற பெண்கள் நகைக்கடை ஜன்னலைப் பார்ப்பதாகச் சொல்வார்களே, அப்படிப் பார்த்தாள்.

கருவிகள் அவள் கண்ணெதிரே உறை கிழித்து எடுக்கப்பட்டன. மகளுக்குப் பக்கவாட்டில் எக்ஸ்ரே, அச்சு, அளவு. ஸ்கேலை வைத்து டாக்டர் இரண்டு முறை அளந்தபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. கடைசியில், மகளுக்கு இப்போது எதுவும் செய்ய வேண்டாம் என்றார். இன்னும் பால் பற்கள் விழ வேண்டும், நாலு மாதத்துக்கொரு முறை காட்டினால் போதும், எந்தப் பல்லையும் இப்போதைக்குத் தொடத் தேவையில்லை. மகள் நாற்காலியிலிருந்து விடுதலையான கைதியைப் போல இறங்கினாள்.

"உங்களுக்கு யாரு பண்ணது?" டாக்டர் கேட்டது அம்மாவை. அவள் கை தானாக வாய்க்குப் போயிற்று. மாமா மூலையிலிருந்த மீன்தொட்டியை மிக உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்தார். அதில் மீன் இல்லை.

"முப்பத்தஞ்சு ஆச்சு டாக்டர். இனிமேலா?"

"எனக்கு ஐம்பத்திரண்டு. ஈறை ஆறு வாரம் பார்க்கணும், அப்புறம் ரெண்டு வருஷம். அந்த ரெண்டு இடைவெளியில ஒண்ணு முழுசா மூடாம போகலாம். மூடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

சத்தியம் பண்ண மாட்டேன் என்ற இடத்தில் அவள் மனதுக்குள், சரக்கைப் பாஸ் பண்ணும் பச்சை முத்திரை டொக்கென்று விழுந்தது.

கீழே இறங்கியதும் மாமா தெருவில் நின்றுவிட்டார். "அன்னைக்கு நான் போர்டைக்கூடப் படிக்கலம்மா" என்றார்.

"இப்பப் படிங்க மாமா."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, பட்டம், படிப்பு, பதிவு எண் எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தார். எண்ணை மட்டும் இரண்டு தடவை. போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து, அந்த டாக்டரைக் கண்டுபிடித்தது தானே என்று ஊர் முழுக்கச் சொல்லத் தொடங்கினார். முடிவெட்டுகிறவரிடம் போய், நீ சரியா வெட்டாத தலையைக் காட்டு என்று கேட்டதாகவும் கேள்வி.

ஈறுக்கான ஆறு வாரம் முடிந்து கிளிப் போட்ட முதல் வாரம் அவள் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தாள். கணவன் தன் தட்டை மறைத்துச் சாப்பிட்டான். மகள் தினமும் இரவு டார்ச் அடித்துச் சோதித்து, "இன்னும் நகரல, ரிஜெக்ட்" என்று அறிவித்தாள்.

மூன்றாம் மாதம் கம்பெனியில் வருடாந்திரப் போட்டோ. வழக்கமாகப் பின்வரிசையில் யாருடைய தோளுக்காவது பின்னால் நிற்பவள், அன்று முன்வரிசையில் இடம் பிடித்தாள். போட்டோக்காரர் மூன்று எண்ணினார். பக்கத்திலிருந்த பையன், "அக்கா, வாய்க்குள்ளயும் நம்ம சரக்கு போலிருக்கே" என்று முணுமுணுத்தான். சிரிப்பு பீறிட்டது. பழக்கம் விடாமல் கை கிளம்பி, மார்பைத் தாண்டி, மோவாய் வரை வந்தது. அங்கே ஒரு கணம் யோசித்தது. பிறகு இன்னும் மேலே போய், தலையிலிருந்த கம்பெனித் தொப்பியை வெயில் முழுதாக முகத்தில் விழும்படி பின்னுக்குத் தள்ளியது. பல்லில் ஒட்டிய இருபது பிராக்கெட்டும் ஒன்றாக மின்ன, போட்டோக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, வெளிச்சம் தாங்காமல் இமைத்துவிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.