முன்கட்டுப் பசி

ராஜஸ்ரீ தன் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தை எழுதத் தொடங்கிய வாரத்தில், வலியசாலை அக்ரகாரத்தில் அவள் வீட்டுப் பின்கட்டுக் கிணற்றடியில் வெள்ளை வால் கொண்ட ஒரு மான் வந்து படுத்தது. அதே வாரம், அதே வீட்டின் முன்கட்டில் சமைத்த சோறு வயிற்றை நிரப்புவதை நிறுத்திக்கொண்டது. அந்த மாதம் தேங்காய் விலை ஏறியிருந்தது. ஆகையால் தெருவில் பேச்சு பெரும்பாலும் தேங்காயைப் பற்றியே நடந்தது.

ஒரு கூரையின் கீழ் முன்கட்டும் பின்கட்டும் இரண்டு வீடுகளானது ராஜஸ்ரீயின் அப்பா ஸ்ரீனிவாசன் காலமான பிறகு. கோயில் தெருவில் வாசலைத் திறந்து, ஆட்டோ திரும்பச் சிரமப்படும் பின்சந்தில் முடிகிற ஒடுங்கிய நீள வீடு அது. அண்ணன் மஹேஷ் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், தெருச் சங்கத்தின் தலைவர். அவர் மகன் ஜெயந்த் டொரன்டோவில் இருந்தான். வாசல், ரேழி, பாதிக் கூடம், பூஜை அறை எல்லாம் பாகப்பிரிவினையில் மஹேஷ் தனக்கென்று எடுத்துக்கொண்டார். அடுக்களையும் கொட்டிலும் கிணறும் தங்கைக்கு. "கல்யாணம் ஆகாதவளுக்கு வாசல் எதுக்கு?" என்று வக்கீல் முன்னால் கேட்டார். ராஜஸ்ரீ கையெழுத்துப் போட்டாள். அதன்பின் அண்ணனிடம் பேசவில்லை. பேசாதவள் நடமாடுவது பிடிக்காமல், மஹேஷ் கூடத்தின் குறுக்கே செங்கல் சுவர் எழுப்பிப் பூசி வெள்ளையடித்தார். ரேழியில் புதிதாக ஒரு அடுக்களை வந்தது. தெருவில் எல்லோரும் மாடுலர் கிச்சனை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ராஜஸ்ரீக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லித்தரும் தற்காலிக ஆசிரியை. பட்டம் கிடைத்தால் வேலை நிரந்தரமாகும், வயது வரம்பு முடிவதற்குள் கிடைக்கவேண்டும். அவளுடைய ஆய்வு, முந்நூறு வருடங்களுக்கு முந்தைய புளோரிடாவில் கிரீக் மக்களும் ஸ்பானியர்களும் எப்படிப் பிழைத்தார்கள், யார் வசதியாக இருந்தார்கள் என்பதை ஒப்பிடுவது. தெருவில் பாதிப் பேர் அவள் கிரேக்கர்களைப் பற்றி எழுதுவதாக நினைத்து அலெக்சாண்டரை விசாரித்தார்கள். கிரீக் என்பவர்கள் அமெரிக்கப் பழங்குடிகள், ஆற்றங்கரைகளில் ஊர் ஊராக வாழ்ந்து, சோளம் விதைத்து, மான் வேட்டையாடித் தோல் விற்றவர்கள். ஸ்பானியர்கள் கடலோரத்தில் கல்கோட்டையும் மாதா கோயிலும் கட்டி, கவர்னரை வைத்துக்கொண்டு, ஹவானா பக்கத்திலிருந்து வரவேண்டிய கப்பலுக்காகக் காத்திருந்தவர்கள். கோட்டைக்குள் இருந்தவர்களே செழிப்பானவர்கள் என்று அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் செல்வமணி ஏற்கெனவே ஒரு புத்தகம் எழுதி, அதற்காகப் பொன்னாடைகளும் வாங்கியிருந்தார். ராஜஸ்ரீ அதற்கு ஆதாரம் தேடித்தந்தால் போதும். அவள் தேடினாள். கோட்டையிலிருந்து போன கடிதங்களை வரிசையாகப் படித்தபோது, அவற்றில் பெரும்பாலானவை மாவு கேட்டு எழுதியவையாக இருந்தன. அதைத்தான் நான்காம் அத்தியாயத்தில் எழுத ஆரம்பித்தாள். அன்று சாயங்காலம்தான் மான் வந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் ஒரு மான் ஒரு கூட்டமாயிற்று. கொட்டிலில் யாரும் விதைக்காத சோளம் தளவரிசைக் கற்களைப் பெயர்த்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. மான்கள் பாம்பு சட்டை உரிப்பதுபோல் அவ்வப்போது தோலைக் கழற்றிப்போட்டன. கீழே புதுத்தோல் பளபளப்பாக இருந்தது. கழன்ற தோல் பதப்படுத்தியது போலவே வந்தது. அக்ரகாரத்தில் தோல் காயப்போடுகிறாள் என்று தெருச் சங்கம் கூடிக் கண்டனம் செய்தது. கண்டனத்தில் கையெழுத்திட்ட புரோகிதர்களில் ஒருவர் மறுநாளே பின்சந்து வழியாக வந்து, பூணூல் கல்யாணங்களுக்கு மான்தோல் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லி ஒரு கட்டு வாங்கிப் போனார். மஹேஷ் வனத்துறைக்குப் புகார் கொடுத்தார். இரண்டு அதிகாரிகள் ஜீப்பில் வந்து, மான்களின் வாலைத் தூக்கிப் பார்த்து, போனில் படங்களோடு ஒப்பிட்டார்கள். "இது நம்முடெ மான் அல்லல்லோ" என்று மலையாளத்தில் சொன்னார் மூத்தவர். நம்முடைய மான் இல்லாததற்கு நம்முடைய சட்டத்தில் இடமில்லை என்று இளையவர் விளக்கினார். இருவரும் ஆளுக்கு இரண்டு சோளக்கதிர் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

முன்கட்டில் நிலைமை வேறு. மஹேஷும் அவர் மனைவி பத்மஜாவும் மகள் ஆஷாவும் மூன்று வேளையும் வயிறார உண்டு, இலையிலிருந்து எழுந்திருக்கும்போதே மறுபடி பசியோடு இருந்தார்கள். குக்கர் பெரிதாயிற்று, பிறகு இரண்டாயிற்று. சாலைக் கடைவீதி ஓட்டலில் சாப்பிட்டால் வயிறு நிரம்பியது. ஆனால் வீட்டு நிலைப்படியைத் தாண்டியவுடன் சாப்பிட்டது எங்கே போனதென்று தெரியவில்லை. பத்மஜாவின் வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. டாக்டர் எல்லாச் சோதனைகளும் செய்து, குறை ஒன்றுமில்லை என்றார். இத்தனையும் வெளியே தெரியக்கூடாது என்பதில் மஹேஷ் உறுதியாக இருந்தார். வாசலுக்குப் புது பெயின்ட் அடித்தார். பித்தளைப் பெயர்ப்பலகை மாட்டினார். ஜெயந்திடம் பணம் கேட்டு வாரம் தவறாமல் போன் செய்தார். ஜெயந்த் சிலசமயம் எடுத்தான்.

ஆஷாவைப் பெண் பார்க்கக் கரமனையிலிருந்து வந்தார்கள். சொஜ்ஜியும் பஜ்ஜியும் பரிமாறப்பட்டன. பையனின் அப்பா ஒரு தட்டு முடித்து இன்னொன்று கேட்டார், பையனின் மாமா மூன்றாவது கேட்டார். அடுத்தது வருவதற்குள் பையனே எழுந்து ரேழி அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களைத் திறந்து பார்த்தான். பையனின் அம்மா வெற்றிலைத் தட்டிலிருந்த பச்சை வாழைக்காயைத் தோலோடு கடித்தபோது எல்லோருக்கும் என்ன நடக்கிறதென்று புரிந்தது. அவள் வெட்கத்தில் அழுதாள், அழுகை கோபமாயிற்று. "மனுஷாளைக் கூப்டு அவமானப்படுத்தற வீடாக்கும் இது!" என்று வாசலில் நின்று தெரு கேட்கக் கத்திவிட்டுக் காரில் ஏறினாள்.

அன்றுதான் மஹேஷ் முதன்முறையாகத் தெருவைச் சுற்றிப் பின்சந்துக்கு வந்தார். ராஜஸ்ரீ கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்னமோ எழுதறியாமே, அதை நிறுத்து" என்றார்.

"நான் புளோரிடாவைப் பத்தி எழுதறேன். உன் ஆத்தைப் பத்தி இல்லே."

"ரெண்டும் ஒண்ணுதான்னு தெருவே பறயறது. எம் பொண்ணு கல்யாணம் நின்னு போச்சு, கேட்டியா? ஒரு வரி மாத்தினா உனக்கென்ன நஷ்டம்? கோட்டைக்குள்ளே இருந்தவா நன்னா சாப்பிட்டான்னு எழுதிடேன்."

"அவா சாப்பிடலையே, அண்ணா."

மஹேஷ் துணி வாளியை எட்டி உதைத்தார். "அப்பா உன்னைப் படிக்க வச்சதுதான் தப்பு" என்றார். வீட்டுக்குத் திரும்பி, முன்கட்டில் இருந்த மீட்டரிலிருந்து பின்கட்டுக்குப் போகும் கரண்ட்டை நிறுத்தினார், குழாயையும் அடைத்தார். ராஜஸ்ரீ கிணற்றில் இறைத்தாள், கல்லூரி நூலகத்தில் லேப்டாப்பை சார்ஜ் செய்தாள். பதிலுக்கு, முன்கட்டிலிருந்து வரும் சாக்கடையை மண்ணால் அடைத்தாள். அதைச் செய்யும்போது அவளுக்கு ஒரு சந்தோஷம் உண்டானது. ஆண்டுகளாக அவளுக்குக் கிடைக்காத சந்தோஷம் அது.

மஹேஷ் பேராசிரியரையும் போய்ப் பார்த்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு எரிச்சல் இருந்ததால் சந்திப்பு நன்றாக நடந்தது. அடுத்த வாரம் செல்வமணி ராஜஸ்ரீயைத் தன் அறைக்கு அழைத்தார். நாகர்கோவில்காரர், உட்காரச் சொல்லவில்லை.

"நான் காலங்காலமா சொல்லிட்டு வாறதை நீ நாலு மானை வச்சு மாத்தப் பாக்கியா?"

"மானை வச்சு இல்லே சார். கடுதாசியை வச்சு."

"கடுதாசி எழுதினவன் பொய் சொல்லியிருப்பாம்மா. பஞ்சப்பாட்டு பாடினாத்தானே கப்பல் வரும்? அந்த நாலாவது சாப்டரைத் திருப்பிப் போடு. வெள்ளிக்கிழமை ஒப்புப் போட்டுத் தாரேன். இல்லைன்னா, வேற ஆளு வேலைக்கு வரிசையில நிக்கான், பாத்துக்க."

அவர் சொன்னதில் நியாயம் இருக்குமோ என்று ராஜஸ்ரீ யோசித்தாள். ஆனால் கடிதங்களைத் தவிர வேறு சாட்சிகளும் இருந்தன: குதிரையை அறுத்துத் தின்ற கணக்குகள், செருப்பில்லாத சிப்பாய்கள். அவள் மனம் மாறியது வாதத்தால் அல்ல. கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் ஆஷாவைப் பார்த்தாள். ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்க, தூணில் சாய்ந்து ஒரு பாக்கெட் சர்க்கரையை அப்படியே வாயில் கொட்டிக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டி, கண்கள் பெரிதாகியிருந்தன. அத்தையைப் பார்த்ததும் பாக்கெட்டை மறைத்தாள். பிறகு மறைப்பதை விட்டுவிட்டு, "அத்தை, வயிறு எரியறது. அப்பா கேட்ட மாதிரி எழுதிடேன்" என்றாள்.

ராஜஸ்ரீ எழுதினாள். கோட்டைக்காரர்களுக்குக் கோதுமையும் திராட்சை மதுவும் கொடுத்தாள், கிரீக் மக்களின் களஞ்சியங்களைக் காலி செய்தாள். ஓரிரு நாளில் நான்காம் அத்தியாயம் தலைகீழாயிற்று. மறுநாள் காலை மான்கள் எழுந்திருக்கவில்லை. விலா எலும்பு தெரிய, கழுத்தை மண்ணில் நீட்டிப் படுத்திருந்தன. சோளத்தின் தட்டை வெளுத்துப்போய்த் தொட்டால் நொறுங்கியது. ராஜஸ்ரீ சாதம் வடித்துச் சாப்பிட்டாள், கை கழுவும்போதே பசித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு குக்கர்களும் முன்போலவே மாறிமாறி விசிலடித்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் ஆஷா பின்சந்து வழியாக ஓடிவந்தாள். வந்தவள் படுத்திருந்த மான்களைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"நீ எழுதிட்டியா அத்தை?"

"எழுதிட்டேன்."

"பின்னே எனக்கு ஏன் இன்னும் பசிக்கறது?"

ஆஷா ஒரு மானின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அது மூச்சு விடுவது கைக்குத் தெரியவில்லை. "இது பொய்தானே? யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லே. பழையதையே வை" என்றாள். கெஞ்சுகிற குரல் இல்லை அது, கோபமாக இருந்தது. ராஜஸ்ரீ அவளை அங்கேயே உட்கார வைத்துவிட்டு, மிச்சமிருந்த சார்ஜில் லேப்டாப்பைத் திறந்து புது அத்தியாயத்தை அழித்தாள். பழையதை எடுத்துச் சேர்த்து, கூடவே குதிரை தின்ற செய்தியையும் எழுதி, பஸ் பிடித்துப் போய்ச் செல்வமணியின் மேஜையில் பிரதியை வைத்தாள். அவர் நான்காம் அத்தியாயத்தை மட்டும் புரட்டிப் பார்த்து, தாள்கட்டைக் குப்பைக்கூடையின் மேல் வைத்தார். கூடையில் அது கொள்ளவில்லை. நிரந்தர வேலை, வரிசையில் நின்றவருக்குப் போயிற்று. அடுத்த பருவத்தில் தற்காலிக வேலையும் அவளுக்கு இல்லை என்று கல்லூரி வாட்ஸப்பில் தெரிவித்தது. அவள் பட்டம் பெறவேயில்லை.

வீடு திரும்பியபோது மான்கள் நின்றுகொண்டிருந்தன. ஆஷா அடுக்களையில் சோளமாவில் அடை சுட்டுத் தின்று, தரையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்து முன்கட்டுக்குப் போன பிறகும் அவளுக்குப் பசிக்கவில்லை. பின்கட்டில் சாப்பிட்டது நிலைப்படி தாண்டினாலும் வயிற்றிலேயே இருந்தது என்பது அப்படித்தான் தெரியவந்தது. அதன்பின் அவள் தினமும் வந்தாள். கொஞ்ச நாளில் பத்மஜா வந்தாள், தன் வீட்டுத் தட்டைத் தானே கொண்டுவந்து. "எனக்காக இல்லே, இவளுக்குத் துணைக்கு வந்தேன்" என்றாள். ராஜஸ்ரீ, "உக்காருங்கோ மன்னி" என்பதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் பரிமாறினாள். அவளுக்கு மன்னியின் மேல் இரக்கம் ஏதும் வரவில்லை. மெலிந்த மணிக்கட்டைப் பார்த்தபோது வக்கீல் முன்னால் இந்தக் கை அண்ணனுக்குப் பேனா எடுத்துக் கொடுத்தது ஞாபகம் வந்தது. ஆனாலும் இரண்டாம் கரண்டி போட்டாள்.

மஹேஷ் நெடுநாள் தாங்கினார். தெருச் சங்கக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்து, தண்ணீர் தெளித்து எழுப்பியவர்களிடம் ஏகாதசி உபவாசம் என்றார். அன்று ஏகாதசி இல்லை என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். மறுநாள் ஆஷாவிடம் ஒரு செய்தி சொல்லி அனுப்பினார்: வேண்டுமானால் கூடத்துச் சுவரை இடித்துவிடலாம், செலவு தன்னுடையது, நேராக வந்து போகலாம். ராஜஸ்ரீ தோல்களை அடுக்கிக்கொண்டே செய்தியைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"சுவர் இருக்கட்டும்னு சொல்லு. நன்னாக் கட்டியிருக்கா. சாப்பிடணும்னா சந்து வழியா வரட்டும்."

அவர் வந்தார். உச்சி வெயிலில் குடை பிடித்துக்கொண்டு, கோயில் தெரு முழுவதும் பார்க்க நடந்து, மூலை திரும்பி, பின்சந்துக்குள் நுழைந்தார். இப்போதும் தினமும் அப்படியே வருகிறார். சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறார், தங்கை முகத்தைப் பார்ப்பதில்லை. அவளும் அவர் இலைக்கு முன் நிற்பதில்லை, வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். முன்கட்டில் பசி அப்படியே இருக்கிறது. விருந்தாளிகளை மஹேஷ் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுகிறார். மாநகராட்சி, சந்துக்குள் வேகமாக வரும் பைக்குகளுக்காக ஒரு வேகத்தடை போட்டிருக்கிறது. மான்கள் காலையில் அதன்மேல் படுத்து வெயில் காய்கின்றன, தபால்காரர் சுற்றிக்கொண்டு போகிறார். மஹேஷ் சாப்பிட்டு எழுந்து கை கழுவக் கிணற்றடிக்குப் போகும்போது, எப்போதும் ஏதாவது ஒரு மான் வழியில் நிற்கும். "நகரு" என்கிறார். பின்கட்டில் அவர் பேசுகிற ஒரே வார்த்தை அது. மான் நகர்கிறது.