உபயக் கட்டில்

பெற்ற தாயைப் பேணுவதைவிடப் பெரிய அறம் மனிதகுலத்தில் இதுவரை தோன்றவில்லை. இனித் தோன்றப்போவதும் இல்லை. எருத்தேன்பதி வட்டாரத்தில் பதினோரு மேடைகளில் இதை முழங்கியவர் ஈஸ்வரமூர்த்தி. பன்னிரண்டாவது மேடையில் முழங்கிவிட்டு அவர் வீடு திரும்பியபோது, அவருடைய தாயாருக்கு மூக்கு வழியாகக் கஞ்சி வந்துகொண்டிருந்தது.

மாராத்தாளுக்கு எண்பத்து நான்கு வயது. பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்து, பதினேழு நாட்களாகத் தேக்குக் கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். மருமகள் ருக்குமணி ஒவ்வொரு வேளையும் அவள் தலையைத் தூக்கி, முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்குவாள். தலையணை போதாதபோது பீரோவைத் திறந்து, கணவருக்கு மேடைகளில் போர்த்திய பொன்னாடைகளைச் சுருட்டி வைப்பாள். நாற்பதுக்கு மேல் இருந்தன, அத்தனையும் பாலியஸ்டர். கிழவி இரண்டு வாய் விழுங்குவதற்குள் அவை வழுக்கிக்கொண்டு போய்விடும். தலை தொப்பென்று சாயும். கஞ்சி வயிற்றுக்குப் போகாமல் வேறு வழி பார்க்கும்.

செவ்வாய்க்கிழமைதோறும் படுக்கை நோயாளிகளைப் பார்க்க வரும் பாலியேட்டிவ் நர்ஸ் பத்மப்ரியா, போர்வையை விலக்கி இடுப்புப் புண்ணைத் துடைத்தாள். அறை முழுக்க வாடை எழுந்தது. ஈஸ்வரமூர்த்தி வாசற்படிக்கு அந்தப் பக்கமாக நின்று, மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"புண்ணு கூட ஆறிடும் சார். விழுங்கறதுதான் பயம். மல்லாத்தி வெச்சு ஊட்டினா கஞ்சி நெஞ்சுக்குள்ள இறங்கும். நிமோனியா வந்தா இந்த வயசுல தாங்காது. தலைப்பக்கம் தூக்கற ஆஸ்பத்திரிக் கட்டில் வேணும். இந்த வாரத்துக்குள்ள பாருங்க."

"அதுக்கென்னங் சிஸ்டர்! ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டறலாம்."

"ஒண்ணு போதும் சார். அம்மா ஒருத்தர்தானே. எங்க பாலியேட்டிவ் சொசைட்டியிலயே சும்மா தருவாங்க. ஒரு அபேட்சை, அதான் மனு, எழுதிக் கொடுத்தா மதி, அது போதும்."

ஈஸ்வரமூர்த்தி துண்டை மூக்கிலிருந்து எடுத்தார். "சிஸ்டர், நான் குடுக்கற ஆளுங்க. வாங்கற ஆளு இல்லீங்க."

சாட்சிக்குக் கண்ணாடி அலமாரியைக் காட்டினார். மரத்தில் செய்து பித்தளைத் தகடு ஒட்டிய ஷீல்டுகள் இரண்டு வரிசை நின்றன. பத்து வருடங்களுக்கு முன் ஒரே ஒரு தடவை வார்டு மெம்பராக இருந்தவர் அவர். இன்றைக்கும் மெம்பர் என்று கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். மூன்று வருடங்களுக்கு முன் அதே சொசைட்டிக்குப் புத்தம்புதுக் கட்டில் ஒன்றை உபயம் செய்திருந்தார். பந்தல், மைக், நாதஸ்வரம், ஃப்ளெக்ஸ் எல்லாம் இருந்தன. நோயாளியைத் தவிர அந்த விழாவில் எந்தக் குறையும் இல்லை.

மறுநாள் கோயமுத்தூர் கடைகளுக்குப் போன் போட்டார். மோட்டார் வைத்தது அறுபத்தைந்தாயிரம் என்றார்கள். கையால் சுற்றுவது பதினெட்டாயிரம். "ஒரு கட்டலுக்கா?" என்று கேட்டு வைத்துவிட்டார். அடுத்து வாடகைக்குக் கொடுக்கும் கடை. மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு, அட்வான்ஸ் தனி.

"ஏனுங்க, அம்மாவுக்கு எம்பத்தி நாலு வயசுங்க. பாதி மாசத்துலயே திரும்பி வந்துருச்சுன்னா பாதி வாடகைதானுங்களே?"

கடைக்காரருக்குப் புரியவில்லை. "எது சார் திரும்பி வந்தா?"

"கட்டலுங்க."

"பாதி வாடகை எல்லாம் கிடையாதுங்க சார்."

"அப்ப யோசிக்கோணுங்க."

கூடத்தில் நின்றுதான் பேசினார். உள்ளே ருக்குமணிக்குக் கேட்டது. மாராத்தாளுக்கும் கேட்டது. வாதம் காதுக்கு வரவில்லை.

வியாழக்கிழமை அவருக்கு ஒரு யோசனை உதித்தது. தான் நடத்தும் வாட்ஸப் குழுவில் இப்படிப் பதிவிட்டார்: 'ஆதரவற்ற ஏழைத் தாய் ஒருவருக்கு மருத்துவக் கட்டில் உடனடித் தேவை. கருணை உள்ளம் கொண்டோர் முன்வரவும். ஒருங்கிணைப்பு: முன்னாள் மெம்பர் ஈஸ்வரமூர்த்தி.' மாலைக்குள் முப்பத்தெட்டுக் கும்பிடும் கைகள் வந்தன. 'உங்கள் சேவை தொடரட்டும் அண்ணா' என்று ஒருவர் எழுதியிருந்தார். கட்டில் வரவில்லை. ஆனாலும் அன்றிரவு அவர் நிம்மதியாகத் தூங்கினார். ஏதோ செய்து முடித்தவர் மாதிரி.

வெள்ளிக்கிழமை காலையில் மாராத்தாள் இருமத் தொடங்கினாள். மத்தியானம் உடம்பு சுட்டது. கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்ததும் வாயை இறுக மூடிக்கொண்டாள். விழுங்க அவளுக்கே பயம் வந்துவிட்டது.

"ஒரே ஒரு வாயி அத்தை."

"வேண்டாங்கண்ணு" என்றாள் மாராத்தாள், கோணிய வாயால். "என்னைய உக்கார வெச்சுட்டுக் குடு. குடிக்கறேன்."

ருக்குமணி கிண்ணத்தை வைத்துவிட்டு, கொப்பரை விற்ற கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அபேட்சை எழுதினாள். பிறகு சொசைட்டியின் குட்டியானை வண்டியை ஓட்டுகிறவனும் கட்டில் கிடங்குச் சாவியை வைத்திருப்பவனுமான சுருளிவேலைக் கூப்பிட்டாள்.

"மெம்பர் ஊட்டுக்கா?" சுருளிவேலின் குரல் இறங்கியது. "அக்கா, மொத்தம் ஆறு கட்டலுங்க. அஞ்சு வெளிய போயிருக்குது. ஒண்ணுதான் இருக்குது. அது வந்து..."

"தலைப்பக்கம் தூக்குமா, தூக்காதா?"

"அதை நேர்ல வந்து பாத்துக்கலாங்க்கா."

சனிக்கிழமை காலையில் வண்டி வந்தது. தார்ப்பாயை விலக்கியதும் முதலில் தெரிந்தது கட்டில் அல்ல, பலகை. மூன்றடி நீள எவர்சில்வர் பலகை, முதுகைத் தூக்கும் தட்டின் பின்பக்கச் சட்டத்தில் ஆறு போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. சிவப்பு எழுத்தில்: 'அன்னை மாராத்தாள் அவர்களின் நீண்ட ஆயுளுக்காக, உபயம்: சமூக சேவகர் ஈஸ்வரமூர்த்தி.'

அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் கேட்டருகே வந்து நின்றார்கள். கரும்புத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த செங்கோட்டையன் சைக்கிளை நிறுத்தினார்.

"ஏனுங்க மெம்பர், உங்க கட்டலு உங்க ஊட்டுக்கே வந்துருச்சாட்ட இருக்குது?"

"அது வேற கணக்குங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி. பிறகு சுருளிவேலை ஓரங்கட்டி, "ஏன்டா, இதையாடா கொண்டாருவ? வேற இல்லையா?"

"இது ஒண்ணுதானுங்க எப்பவும் இருக்கும். மூணு ஊட்டுல எடுத்துட்டுப் போயி மூணு ஊட்டுலயும் ரெண்டே நாள்ல திருப்பிக் குடுத்துட்டாங்க. தலைப்பக்கம் எந்திரிக்கறதே இல்லீங்க. ராசியில்லாத கட்டலுன்னு ஊருக்குள்ள பேராயிப்போச்சு."

காய்ச்சல் என்று கேட்டு ஓடிவந்திருந்த பத்மப்ரியா, குனிந்து அடியில் பார்த்தாள். "ராசி எல்லாம் இல்ல. இந்தப் பலகையோட போல்டு கீழே சட்டம் வரைக்கும் இறங்கியிருக்கு. தட்டு எப்படி எந்திரிக்கும்? மூணு வருஷமா இத ஏன் கழட்டல?"

"எப்படிங் சிஸ்டர் கழட்டறது? வருசா வருசம் காந்தி ஜெயந்திக்கு மெம்பர் வந்து பலகை பளபளன்னு இருக்குதான்னு பாத்துட்டுப் போவாருங்க. போன வருசம் ஒரு ஈ எச்சத்துக்கு என்ன பேச்சுப் பேசினாரு!"

உள்ளிருந்து இருமல் கேட்டது. நீளமான, சளி கிழிகிற இருமல். ருக்குமணி உள்ளே போய், டிராக்டர் டூல் பாக்ஸிலிருந்து ஸ்பேனரோடு வந்தாள்.

"இந்தா சுருளி, கழட்டு."

"ஏய், நில்லு, நில்லு." ஈஸ்வரமூர்த்தி பலகைக்கும் ஸ்பேனருக்கும் நடுவில் வந்து நின்றார். "அதுல அம்மா பேரு இருக்குதில்ல? பெத்தவ பேரக் கழட்டி எறியறது நல்லாவா இருக்குது?"

"பெத்தவளே எறிஞ்சாப்பலதான கெடக்குறாங்க" என்றாள் ருக்குமணி. "தள்ளுங்க."

"ஒரு போட்டோவாவது எடுத்துக்கலாம். பலகையோட. அம்மாவைப் படுக்க வெச்சு..."

"சார்" என்றாள் பத்மப்ரியா, "அம்மாவுக்கு நூத்திரெண்டு டிகிரி."

அவர் நகரவில்லை. நெற்றியில் வேர்வை அரும்பியது. பெயர் போகிறதே என்ற வருத்தம் என்று எல்லோரும் நினைத்தார்கள். செங்கோட்டையனுக்குக்கூடக் கொஞ்சம் பாவமாக இருந்தது.

ருக்குமணியே ஸ்பேனரை வாங்கி உட்கார்ந்தாள். துரு ஏறிய போல்ட் ஒவ்வொன்றும் கிறீச்சிட்டது. ஆறாவது கழன்றதும் பலகை தடாலென்று தரையில் விழுந்தது. அதுவரை அது மறைத்திருந்த இடத்தில் வெளிறிய பச்சைப் பெயின்ட். அதன் மேல், கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றின் பெயருக்குக் கீழே, யாரோ கறுப்பு மையில் எழுதியிருந்தார்கள்: 'பழுது. முதுகுத் தட்டு நிற்காது. எடைக்குப் போடவும். 2012.'

 செங்கோட்டையன் வாய்விட்டு, எழுத்துக்கூட்டி, ஆண்டையும் சேர்த்து, முழுசாகப் படித்தார்.

"மெம்பர், புதுக்கட்டலுன்னு மைக்ல சொன்னீங்களே?"

"பெயின்ட் புதுசுங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

கட்டிலை உள்ளே கொண்டுபோய்ப் போட்டார்கள். சுருளிவேல் கைப்பிடியைச் சுற்றினான். தட்டு அழகாக மேலே வந்தது. கையை எடுத்ததும் அப்படியே படுத்தது. மறுபடி சுற்றினான்; மறுபடி படுத்தது. நிற்காது என்று எழுதி வைத்தவர் பொய் சொல்லவில்லை.

"அடியில ஏதாச்சும் முட்டுக் குடுத்தா நிக்குமுங்க" என்றான். "கனமா, தட்டையா. செங்கல்லு இருக்குதுங்களா?"

செங்கல் இல்லை. ருக்குமணி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். அவள் பார்வை நின்ற இடத்தை ஈஸ்வரமூர்த்தியும் பார்த்தார்.

"ருக்கு, அது எல்லாம் மரியாதைக்குக் குடுத்தது."

அவள் கண்ணாடிக் கதவைத் திறந்தாள். தேக்கில் செய்தவை, கெட்டியானவை. பாலியஸ்டர் மாதிரி வழுக்காதவை. சுருளிவேல் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். நான்கு வைத்தபோது சாய்வு போதாது என்று நர்ஸ் தலையாட்டினாள். ஆறு வைத்தபோது இன்னும் கொஞ்சம் என்றாள்.

மாராத்தாளை மூன்று பேராகத் தூக்கி மாற்றினார்கள். மூன்று வாரங்களுக்குப் பிறகு அவளுக்கு உத்திரத்தைத் தவிர வேறு எதுவோ கண்ணில் பட்டது. ஜன்னலைப் பார்த்தாள், தென்னையைப் பார்த்தாள், வாசற்படியில் துண்டோடு நின்ற மகனைப் பார்த்தாள்.  ருக்குமணி ஊட்டிய கஞ்சியை மெதுவாக, ஒவ்வொரு வாயாக, அரை டம்ளர் குடித்தாள். இருமவில்லை.

அடியில் மொத்தம் ஏழு ஷீல்டுகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது, அந்தக் கட்டிலைக் கொடுத்ததற்காக அவருக்குக் கொடுத்தது.