விழாத வாத்துகள்

ஸ்டூலில் ஏறி நின்று, சுவரில் மாட்டியிருந்த டிவியைப் படுக்கை விரிப்பால் மூடப் பார்த்தாள் ஷைனி. விரிப்பு இரண்டு முறை நழுவிக் கீழே விழுந்தது. பழைய டிவியாக இருந்தால் அதன் அகலமான முதுகில் துணி தானாக உட்கார்ந்துகொள்ளும். இதற்கு முதுகே கிடையாது. கடைசியில் கொடியிலிருந்து இரண்டு கிளிப்புகளை எடுத்துவந்து மாட்டினாள். மூடச் சொன்னது அப்பாவின் அக்கா இஞ்ஞாசியம்மாள். கறுப்புத் திரையில் சவப்பெட்டியும் மெழுகுவத்தியும் தெரிகின்றன, பார்க்கச் சகிக்கவில்லை என்றாள்.

பெட்டியில் இருந்தது ஷைனியின் அம்மா வியாகுலம்மாள். வயது ஐம்பத்தாறு. முந்தின நாள் காலை காபி டம்ளரோடு சரிந்தவள், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துபோனாள். இரண்டாவது பக்கவாதம். வந்தவர்களெல்லாம் ஷைனியின் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு மகள் யாருக்குக் கிடைப்பாள், ஒரு வருடமாகக் கண்ணில் வைத்துப் பார்த்தாளே என்றார்கள். ஒவ்வொரு முறையும் அவளுக்குக் காது சுட்டது. கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை.

முதல் பக்கவாதம் போன வருடம் வந்தது. வலது கையை எடுத்துக்கொண்டு போனது. முப்பது வருடம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விரல் பிடித்து எழுதப் பழக்கிய கை. அமுக்கிப் பழக டாக்டர் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். அதைக் கண்டாலே அம்மாவுக்குப் பிடிக்காது. நான் என்ன நாய்க்குட்டியா என்பாள். ஒருநாள் பரணிலிருந்து தம்பி ரோஷனின் பழைய டிவி கேமை இறக்கச் சொன்னாள். அவன் ஆறாவது படித்தபோது வாங்கியது. கூடவே ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி. திரையில் வாத்து பறக்கும்; குறிபார்த்துச் சுட்டால் விழும். அவ்வளவுதான் விளையாட்டு.

முதல் வாரம் துப்பாக்கியை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தும் ஒன்றுகூட விழவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் வலது கையால் மட்டும் பத்துக்கு ஏழு. சாயங்காலமானால் சென்னையிலிருக்கும் ரோஷனுக்குப் போன் போட்டு, நலம் விசாரிக்கும் முன்பே எண்ணிக்கையைச் சொல்வாள். டாக்டருக்கே ஆச்சரியம். பந்தைத்தான் நன்றாக அமுக்குகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஷைனிக்கு மட்டும் அது பெரிய வெட்கக்கேடாக இருந்தது. வாசலில் நின்றாலே தெரியும் முன்னறையில், ஒயர்களுக்கு நடுவில், துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் அம்மா. ஜனவரியில் வத்தலக்குண்டிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்பாக ஷைனி தன் பேங்க் சம்பளத்தில் தட்டையான புது டிவி வாங்கிச் சுவரில் மாட்டினாள். பழைய டியூப் டிவி நாகல் நகரில் மெக்கானிக் முனியப்பனின் கடைக்குப் போனது.

அம்மா குறைசொல்லவில்லை. கேமைப் புது டிவியில் மாட்டச் சொன்னாள். படம் வந்தது. வாத்துகள் முன்னைவிடப் பெரிதாகப் பறந்தன. ஒன்றும் விழவில்லை. நான்கு நாள் சுட்டுப் பார்த்தாள்.

"கை திரும்பவும் போயிருச்சு போலடி," என்றாள்.

மறுநாள் மத்தியானம் ஷைனி துப்பாக்கியை முனியப்பனிடம் எடுத்துப்போனாள். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"துப்பாக்கிக்கு ஒண்ணுமில்ல பாப்பா. இது டியூப் டிவிக்குன்னு செஞ்சது. பிளாட் டிவில யாரு சுட்டாலும் ஒரு வாத்து விழாது. பழைய டிவி இங்கனதான் கெடக்கு. சாயங்காலம் கொண்டாந்து வைக்கவா?"

அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். விஷயம் தெரிந்தால் அம்மா பழைய டிவியைக் கேட்பாள். அவள் கேட்டால் கொண்டுவராமல் இருக்க முடியாது.

அன்று சாயங்காலம் அம்மா கேட்டாள். "துப்பாக்கில ரிப்பேராமா?"

"இல்லம்மா. துப்பாக்கி நல்லாத்தான் இருக்காம்."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இப்போது ஷைனிக்கு உடம்பெல்லாம் கூசியது.

அம்மா துப்பாக்கியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தாள். பந்தையும் தொடுவதில்லை. சோற்றை இடது கையால் பிசையப் பழகினாள். மாப்பிள்ளை மரியராஜ் வீட்டாருக்கு எல்லாம் பிடித்துப்போய் மே மாதம் கல்யாணம் என்று முடிவானது. அடுத்த வாரம் என்பது அடுத்த மாதமாகி, அதற்கடுத்த மாதமாகி, இப்போது மார்ச்.

துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காபித் தட்டோடு ஷைனி வாசலுக்கு வந்தபோது, அப்பா ஸ்தனிஸ்லாஸ் யாரிடமோ தரையைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார்.

"நாந்தான் பந்த அமுக்கு, பந்த அமுக்குன்னு வஞ்சுக்கிட்டே இருந்தேன். அதுலயே மனசு விட்டுட்டா."

தட்டை அவர் முன் நீட்டினாள். அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது சொல்லியிருக்கலாம். இவ்வளவு பேர் இருக்கிறார்களே என்று தனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு நகர்ந்தாள்.

மத்தியானம் மாலையோடு முனியப்பன் வந்தார். அவரைப் பார்த்ததும் ஷைனி வாசலுக்கு விரைந்தாள். அவர் அப்பாவிடம் போய் உட்காருவதற்குள் பேச்சுக் கொடுத்து வாசல் கேட் வரை கூட்டிவந்துவிட்டாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சரு போன மாசம் கடைக்குப் போன் போட்டாக பாப்பா. துப்பாக்கியில நெசமாவே கோளாறு இல்லையாப்பான்னு கேட்டாக. டிவிதான் ஒத்துக்காது, பாப்பாகிட்ட அன்னைக்கே சொன்னேனேன்னேன். அதுக்கு, 'ஆமாப்பா, அவ அன்னைக்கே சொன்னா, நாந்தான் மறந்துட்டேன்'னாக. டிவியக் கொண்டாரவான்னேன். அவ கல்யாணம் முடியட்டும்னுட்டாக."

அவர் போனபிறகும் ஷைனி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன மாதம். அதற்குப் பிறகு எத்தனை நாள் அம்மா அவளிடம் தலையைக் கொடுத்துச் சீவிக்கொண்டாள். கல்யாணப் புடவைக்கு என்ன கரை வைக்கலாம் என்று கேட்டாள். ஒரு நாளும் முகம் மாறவில்லை. முனியப்பனுக்குச் சந்தேகமில்லை, அப்பாவுக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அம்மா அதற்கும் சேர்த்துத்தான் வழிசெய்துவிட்டுப் போயிருந்தாள். அதுதான் ஷைனியால் தாங்க முடியாததாக இருந்தது.

நான்கு மணிக்குக் கோயிலில் அடக்கப் பூசை. அதற்கு முன்பே சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்திருந்தார். செத்தவருக்காக வீட்டார் அத்தனை பேரும் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெற்று, பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பத்தை, நன்மையை, வாங்க வேண்டும். அது அந்த ஊர் வழக்கம். அப்பா முடித்துவிட்டு வந்தார், ரோஷன் முடித்தான். இஞ்ஞாசியம்மாள் அவளையும் தள்ளிவிட்டாள். சாமியாரை மறைத்திருந்த கம்பித் தட்டிக்கு முன் முழங்காலிட்டு, ஒரு ஞாயிறு பூசைக்குப் போகாதது, வேலையிடத்தில் சண்டை போட்டது என்று இரண்டு மூன்று சொன்னாள்.

"வேற?" என்றார் சாமியார்.

"வேற ஒண்ணுமில்ல சாமி."

ஒரு பாவத்தை வேண்டுமென்றே மறைத்தால் சொன்ன மற்றவையும் செல்லாது, அப்படியே போய் நன்மை வாங்குவது அதைவிடப் பெரிய பாவம். சிறுவயதில் ஞானோபதேசப் பாடத்தில் இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அம்மாதான்.

பூசையில் முதல் பெஞ்சின் நடைபாதை ஓரத்தில் அவளை உட்காரவைத்திருந்தார்கள். அடுத்து இஞ்ஞாசியம்மாள், அதற்கடுத்து மரியராஜின் அம்மா, அவர்களோடு வந்த பெண்கள். நன்மை வாங்கும் நேரம் வந்ததும் ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா எழுந்து குறுக்கே அவளிடம் வந்தார்.

"வாம்மா. அம்மாவுக்காக நன்மை வாங்கி ஒப்புக்குடு."

"நீங்க போங்கப்பா."

"பாவசங்கீர்த்தனம் பண்ணுனேல்ல?"

"முழுசாப் பண்ணலப்பா," என்றாள். சத்தம் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் பெஞ்சில் அது கேட்காமல் இல்லை.

அப்பா அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை தேங்கியது. ரோஷன் அவர் முழங்கையைத் தொட்டதும் பீடத்தை நோக்கி நடந்தார்.

ஷைனி கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள். இஞ்ஞாசியம்மாள் கடந்துபோனாள். மரியராஜின் அம்மா சற்றுத் தயங்கி, அவள் முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, முந்தானையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனாள். பெஞ்சு முழுவதும் காலியாயிற்று. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகக் கைகூப்பியபடி அதே வழியில் திரும்பி வந்தார்கள். அவள் மறுபடியும் கால்களை இழுத்துக்கொண்டு இடம் விட்டாள்.